ஆடி மாதப் பல்லி

ஆரல்வாய்மொழியில் காற்றுக்கு வாடகை இல்லை.
வீட்டுக்கு உண்டு, ஆறாயிரம்.
ரயில் நிலையத்துக்குப் பின்னால் இரண்டு அறை,
ஒரு டியூப்லைட்,
டியூப்லைட்டுக்கு ஒரு பல்லி.

அந்தப் பல்லியைப் பதினோரு இரவு படம் பிடித்தோம்.
அது ஈசல் மேல் பாய்ந்த ஒரு பாய்ச்சலை
ஜெபஸ்லின் கணினியில் நிறுத்தி நிறுத்தி
ஒரு மணி நேரமாக்கினாள்.
"ஒட்டுறது பெரிய காரியமில்ல.
விடுறதப் பாரு" என்றாள்.

விரலின் நுனி முதலில் பின்னோக்கிச் சுருள்கிறது.
மழையில் நனைந்த போஸ்டர்
மூலையிலிருந்து கழல்வதுபோல் பாதம் கழல்கிறது.
பசை இல்லை, ஈரம் இல்லை,
கண்ணுக்கு எட்டாத மயிர்கள் மட்டும்
கோடிக்கணக்கில்.

எங்கள் பல்லிக்கு மயிர் சிலிக்கோனில்.
வார்த்தது நாகர்கோவிலில்
பல் செட் கட்டுகிற கடையில்.
(பல்லிக்குப் பல் கடையில் கால் என்று
கடைக்காரர் ரசீதிலேயே எழுதிச் சிரித்தார்.)
எடை அறுநூற்று நாற்பது கிராம்.
வால் வைக்கவில்லை.
வால் எதற்கு, அழகுக்கா என்று கேட்டது நான்.

மூன்றாம் நாள் அது கூரையிலிருந்து
என் தலையில் விழுந்தது.
ஜெபஸ்லின் தினசரிக் காலண்டரைத் திருப்பி
பின்னட்டையில் விரல் வைத்து வாசித்தாள்:
தலை – கலகம்.

கலகம்தான். யார் போட்ட திருகு என்று தொடங்கி
இரண்டு நாள் பேச்சில்லை.
அடுத்த நாள் பேசாமலே ஒரு வால் வரைந்தேன்.
முன்கால் வழுக்கும் கணத்தில்
பல்லி வாலைச் சுவரில் ஊன்றுகிறது.
பதினோரு இரவுப் படத்திலும் அது இருக்கிறது.
நான் காலையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

காற்றாலைச் சிறகில் கயிறு கட்டி இறங்கி
விரிசல் தேடுவது தாணுலிங்கத்தின் வேலை.
எங்கள் வீட்டுக்கு வந்து டீ குடித்தபடி
முழுப் படத்தையும் பார்த்தார்.
கடைசியில் ஒன்று கேட்டார்:
"இது எனக்க வேலைய எடுக்குமா,
எனக்க பைய எடுக்குமா?"
விரிசலைத் தட்டிக் கேட்கும் என்றோம்.
"தட்டிக் கேக்க ஒரு ஆளு வேணும்தான்" என்றார்.

ஆடிக் காற்றில் அம்மியும் பறக்குமாம்.
விடியலில் அந்தக் காற்று கொஞ்சம் மூச்சு வாங்கும் நேரம்
சிறகைக் கீழ்நோக்கி நிறுத்திப் பூட்டி
பல்லியை விட்டோம்.
நாலு மீட்டர். ஏழு.
பதினொன்றில் கணவாய் ஒரு தும்மல் போட்டது.
முன்கால்கள் இரண்டும் காற்றில்.
வால் அடித்தது.
நின்றுவிட்டது!
கீழே நாங்கள் கட்டிப்பிடித்துக் குதித்தோம்.

பிறகு அது நகரவே இல்லை.
முன்னே என்றோம், பின்னே என்றோம்.
இன்னும் வழுக்குகிறோம் என்று நம்பி
அது இழுத்துக்கொண்டே இருந்தது.
இழுக்க இழுக்க ஒட்டியது.
ஒட்ட ஒட்ட மோட்டார் கொதித்தது.
நிரலில் அந்த வரியை எழுதியவள் நான்.

தாணுலிங்கம் கயிற்றில் இறங்கினார்.
"இழுக்காதீங்க!" என்று வாக்கிடாக்கியில் கத்தினேன்.
"தெரியும்" என்றது வாக்கிடாக்கி.
நுனியிலிருந்து, ஒவ்வொரு விரலாக,
பதினாறு விரல்.
பிறகு கொஞ்ச நேரம் காற்றின் இரைச்சல் மட்டும்.
"எனக்க பைக்குள்ள கெடக்கு.
சவம், நல்ல சூடு."

இரவு அந்த வரியை அழித்துவிட்டு
வேறு எழுதினேன்:
இழுவை கூடினால் முதலில் ஒரு விரலை விடு.
காலண்டரின் பின்னட்டையில்
விழாத பல்லிக்குப் பலன் போட்டிருக்கவில்லை.

டியூப்லைட்டுக்குப் பின்னால் ஏதோ சொன்னது.
"எந்தத் திசை?" என்றாள் ஜெபஸ்லின், தூக்கத்தில்.
தெற்கு என்று நினைக்கிறேன்.
அதற்கும் ஒரு பட்டியல் உண்டு.
பேட்டரியைச் சார்ஜில் போட்டேன்.